யாரைப் பார்த்துக் கட்டினேன்

நைனா,

போன ஞாயிற்றுக்கிழமை பேச்சின் நடுவில் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொன்னேன். பால் பொங்கவில்லை, அடுப்பையே பற்றவைக்கவில்லை. நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதுதான் விஷயம். திரும்பவும் போனில் பேசினால் நீ நடுவில் பேசுவாய், நான் நடுவில் அழுவேன், இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்காது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டுக் கீர்த்தனாவிடமும் கொடு. இன்னும் மூன்று வாரத்தில் இந்த வீட்டுக்கு வரப்போகிற பெண்ணிடம் மறைக்க என்ன இருக்கிறது.

அந்தப் பார்சல் சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. கொண்டுவந்த கொரியர் பையன் மேலே ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தான். "இன்னாமா, காஞ்சிபுரத்துக்கே பட்டுப் பொடவை பார்சலா? நம்மூரு தறிங்கல்லாம் லீவு போட்டுடுச்சா?" என்றான். "கல்யாணப் பொண்ணு எடுத்ததுபா, கையெழுத்து எங்க போடணும் சொல்லு" என்று வாங்கிக்கொண்டேன். பிரித்தால் இரண்டு புடவை. ஒன்று எனக்கு, ஒன்று பக்கத்துப் போர்ஷனில் இருக்கிற உன் செல்வி சித்திக்கு. இரண்டும் ஒரே நிறம். ரிசெப்ஷன் அன்று இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே நிறத்தில் நிற்க வேண்டும், போட்டோவில் அழகாக இருக்கும், இப்போது எல்லாக் கல்யாணத்திலும் இப்படித்தான் என்று கீர்த்தனா முன்பே சொல்லியிருந்தாள். அந்த நிறத்துக்கு அவள் என்னவோ இங்கிலீஷ் பெயர் சொன்னாள். வருஷக்கணக்காக வெங்காயம் உரிக்கிறவள் நான். அது வெங்காயச் சருகு நிறம். நல்ல நிறம்தான், குறை சொல்லவில்லை. ஓரத்தில் வெள்ளி ஜரிகை, உடம்பில் சின்னச் சின்னப் புட்டா. மடிப்பைக் கலைக்காமல் திரும்ப அட்டைப்பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் நீ கூப்பிட்டபோது, "நான் கட்டற கலராபா இது? மண்டபத்துல பார்க்கறவங்க இன்னா சொல்லுவாங்க? நான் என் பொடவையைக் கட்டிக்கினு ஓரமா நின்னுக்கறேன்" என்றேன். நீ சத்தம் போடுவாய் என்று நினைத்தேன். போடவில்லை. மெதுவாகக் கேட்டாய்: "சின்ன வயசுல இருந்து என்னை ஒண்ணு கேட்டுக்கினே இருந்தியேமா, எல்லாரும் போட்டா நீயும் போடணுமான்னு. இப்ப நான் கேக்கறேன். நீ யாரைப் பார்த்து இப்படிக் கட்டறே?"

உன் அப்பா போய் எட்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து சாம்பல், காப்பிப்பொடி, வெளிர் சந்தனம் இந்த மூன்றைத் தாண்டி நான் போனதில்லை. இது ஏதோ சாஸ்திரத்தில் இருக்கிறது என்கிற மாதிரியே இத்தனை நாள் இருந்துவிட்டேன். நீ கேட்ட பிறகுதான் அப்படி யார் சொன்னார்கள் என்று யோசித்தேன். நாலு நாளாக அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு எதையும் மனதில் வைத்து யோசிக்கத் தெரியாது, எழுதியிருந்தால்தான் உண்டு. ஐந்தாவதோடு நின்றவள். அதற்கு மேல் படித்ததெல்லாம் மளிகை சுற்றிவந்த பேப்பரிலும் கோயிலில் விற்கிற தோத்திரப் புத்தகத்திலும்தான். அதனால் கல்யாணமானதிலிருந்து எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். அதில் ஒன்று தீபாவளி நோட்டு. ஒவ்வொரு தீபாவளிக்கும் யாருக்கு என்ன துணி, என்ன நிறம், என்ன மாதிரி என்று ஒரு பக்கம். நீ கேலி செய்வாயே, அந்த நீல அட்டை நோட்டுதான். அதை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். உன் வரலாறு முழுக்க அதில் இருக்கிறது. ஆறு வயதில் பின்னால் தொப்பி வைத்த சட்டை, வெயிலில் தொப்பியைக் கழற்றமாட்டேன் என்று அடம். பத்து வயதில் பத்துப் பாக்கெட் வைத்த பேன்ட், ஒரு பாக்கெட்டில் போடக்கூட உன்னிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு வருஷம் பளபளக்கிற சட்டை. ஒவ்வொன்றுக்கும் நேராக "எல்லாப் பையன்களும் போடுகிறார்களாம்" என்று எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு வருஷத்தில் மட்டும் "பேன்ட், கால் குறுகல்" என்று எழுதி, பக்கத்தில் "சண்டை" என்று ஒரு வார்த்தை.

அந்தச் சண்டையைப் பற்றி நாம் அதற்குப் பிறகு பேசியதே இல்லை. இப்போது பேசிவிடுகிறேன்.

பள்ளிக்கூடம் திறக்கும்போது உனக்கு யூனிபார்ம் பேன்ட்டைப் பெரிதாகத்தான் தைப்பேன். வளர்கிற பிள்ளை, கீழே இரண்டு இஞ்ச் மடித்து அடித்தால் அடுத்த வருஷம் பிரித்து விட்டுக்கொள்ளலாம். சரியான யோசனைதான். ஆனால் அந்தப் பேன்ட்டுக்குள் நின்றது நீ. பையன்கள் உன்னைச் "சாக்கு" என்று கூப்பிட்டது எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு நாள் துவைக்க எடுத்தால் கால் புடலங்காய் மாதிரி ஒட்டிப்போயிருக்கிறது. கேட்டால் தண்ணீரில் சுருங்கிவிட்டது என்றாய். நெய்கிற ஊரில் இருந்துகொண்டு துணி சுருங்குவதைப் பற்றி என்னிடமே பொய் சொல்கிறானே என்றுதான் எனக்குக் கோபம் ஏறியது. உன் கையைப் பிடித்துத் தெருமுனை டெய்லர் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பெஞ்சில் உன் வகுப்புப் பையன்கள் மூன்று பேர், ஒவ்வொருவன் மடியிலும் ஒரு பேன்ட். "இதைப் பிரிங்க. இவன் எதிர்லயே பிரிங்க" என்றேன். "விட்டுட்டுப் போங்கக்கா, நாளைக்குப் பிரிச்சு வெக்கறேன்" என்றார் அவர். "இப்பவே." அவர் பிளேடை எடுத்தார். தையல் பிரிகிற சத்தம் அவ்வளவு நேரம் கேட்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு பையன் சிரித்தான். நீ தரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாய். நான் விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளையை ஒழுங்கில் வளர்க்கிறேன் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் ரவிக்கை கொடுக்கப் போனபோது அந்த டெய்லரே பேச்சை எடுத்தார். "கோவிச்சுக்காதீங்கக்கா. உங்க புள்ள பதினேழாவது ஆளு. மொதல்ல வந்தது அந்தக் கபடி ஆடற பையன். அவனுக்கு நல்லா நீட்டுக் காலு, குறுக்கிப் போட்டா எடுப்பா இருந்துது. அடுத்து வந்தவன் அவனுக்குத் தச்ச மாதிரியே வேணும்னான். ஆனா அளவெடுக்கும்போது காதுகிட்ட வந்து, 'அண்ணே, அவனவிட அரை இஞ்ச் கம்மியா வெச்சுடுங்க'ன்றான். அதுக்கு அடுத்தவன் இவனவிட அரை இஞ்ச். எல்லாருக்கும் அவனை மாதிரியும் இருக்கணும், அவனவிடக் கொஞ்சம் வேற மாதிரியும் இருக்கணும். இப்படியே போனா மார்கழிக்குள்ள ஒருத்தன் கால்லயும் பேன்ட் ஏறாது பாருங்க. அப்ப எவனாவது தொளதொளன்னு போட்டுக்கினு வருவான், மறுபடியும் அவன் மாதிரின்னு வரிசை கட்டுவானுங்க. எனக்கு இன்னா, குறுக்கறதும் நான்தான், விடறதும் நான்தான்."

நான் கேட்டேன், "என் பையனும் அரை இஞ்ச் கம்மி கேட்டானா?"

"இல்லக்கா. அவன் மட்டும் கேக்கல. 'எல்லாருக்கும் இருக்கற மாதிரி வெச்சா போதும்ணே'ன்னான்."

அதைக் கேட்டுக்கொண்டு ரவிக்கையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அப்போது அதன் அர்த்தம் எனக்கு முழுசாக ஏறவில்லை. புதுசு போடுகிற பிள்ளைகள் எல்லாம் மினுக்குவதற்காகப் போடுகிறார்கள் என்றுதான் நாங்கள் பெரியவர்கள் நினைக்கிறோம். அப்படிப் போடுகிறவன் பத்தில் ஒருவன் இருப்பான். மற்றவர்கள் யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்காகத்தான் போடுகிறார்கள். எல்லாரும் குறுகலாகப் போட்டிருக்கும்போது ஒருவன் மட்டும் தொளதொளவென்று போனால் அவன்தானே தனியாகத் தெரிவான். நீ ஒளிந்துகொள்ள ஒரு பேன்ட் தைத்துக்கொண்டாய். நான் அதை நாலு பேர் முன்னால் பிரித்துப்போட்டேன்.

போன பொங்கலுக்கு நீ வந்து இறங்கியபோது இரண்டு பேர் நுழையலாம் போல ஒரு பேன்ட் போட்டிருந்தாய். டெய்லர் சொன்னது அப்படியே நடந்துவிட்டதே என்று எனக்குச் சிரிப்பு. "அந்த ஒன்பதாவது பேன்ட்டை எடுத்தாரட்டுமா, இப்ப அதான் பேஷனாமே" என்றேன். நீயும் சிரித்தாய். ஆனால் சிரிப்பதற்கு முன்னால் கொஞ்சம் நின்றாய். நான் பார்த்தேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியது, இன்றைக்குக் கேட்கிறேன். மன்னித்துக்கொள். நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, கண்றாவியாக எதையாவது மாட்டிக்கொண்டு வந்து நின்றால், ஏன் போட்டாய் என்று கேட்காதே. அதற்கு எந்தப் பிள்ளைக்கும் பதில் தெரியாது. யாரைப் பார்த்துப் போட்டாய் என்று கேள். சொல்லிவிடும். அதிலிருந்து அந்தப் பிள்ளைக்கு யார் மாதிரி ஆக வேண்டும், யாரைக் கண்டு பயம் என்று இரண்டும் தெரிந்துவிடும்.

இதே விஷயத்தை உன் அப்பா வேறு மாதிரிச் சொல்லுவார். அவர் சாயப்பட்டறையில் வேலை பார்த்ததால் ஊரில் அடுத்து எந்த நிறம் ஓடும் என்று கடைக்காரர்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். சாப்பிட உட்காரும்போது முழங்கை வரை என்ன நிறமோ அதுதான் அடுத்த முகூர்த்தத்துக்கு ஊர் கட்டும் நிறம். அவர் சொல்லுவார், யாரும் பட்டறைக்கு வந்து பச்சை வேண்டும், நீலம் வேண்டும் என்று கேட்பதில்லை, "அன்னிக்கு அந்தப் பொண்ணு கட்டியிருந்துச்சே அந்தக் கலர்" என்றுதான் கேட்பார்கள் என்று. நீ குழந்தையாக இருக்கும்போது ஒரு தடவை அவர் கையாலேயே ஒரு தப்பு நடந்தது. நல்ல மழைக்காலம், விறகு ஈரம், கொப்பரைத் தண்ணீர் கொதிக்க வேண்டிய அளவு கொதிக்கவில்லை. மயில் கழுத்து நிறத்தில் வர வேண்டிய பட்டு நூல் காயவைத்ததும் வெளுத்து, மழைக்கு முந்தின வானம் மாதிரி ஆகிவிட்டது. ஈரத்தில் பார்த்தால் சரியாகத்தான் இருந்ததாம். முதலாளி வாய்க்கு வந்தபடி பேசினார். இருந்தும் நூலைத் தூக்கி எறிய முடியாதே, அதிலேயே பாவு ஓட்டி மூன்று புடவை நெய்து, பழுது என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். அதில் ஒன்று முசரவாக்கத்தில் ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் போனது.

அந்தக் கல்யாணத்துக்கு நாங்களும் போயிருந்தோம். பந்தியில் ஒரு அம்மாள், "இன்னாமா, பொடவை வெளுத்துப்போச்சா?" என்று அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டார்கள். உன் அப்பா எனக்குப் பக்கத்தில் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அந்தப் பெண் கொஞ்சமும் அசையவில்லை. "இதான் அத்தே இப்ப புதுசு. மெட்ராஸ்ல இதான் கட்றாங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையை இன்னும் கொஞ்சம் விரித்துவிட்டுக்கொண்டாள். மெட்ராஸில் யாரும் கட்டவில்லை. அடுத்த மாதம் பட்டறைக்கு மூன்று பேர் வந்தார்கள். "முசரவாக்கத்துல ஒரு பொண்ணு கட்டியிருந்துச்சாமே, அந்த நீலம்." முதலாளி உன் அப்பாவைக் கூப்பிட்டு, அன்றைக்குச் செய்த தப்பைத் திரும்பச் செய் என்றார். எத்தனையோ முறை முயன்றும் அதே தப்பு வரவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வந்தது, அதுவே நன்றாக ஓடியது. அவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "வெக்கப்பட்டுக் கட்டியிருந்தா அது வெளுத்த பொடவை. அது வெக்கப்படல, அதனால புதுக் கலர்" என்பார்.

இதெல்லாம் உன்னைப் போன்ற சின்னவர்களுக்கு, எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டைப் புரட்டினால் என் பக்கமும் இருக்கிறது. முதல்முறை ஆடியில் பால்குடம் எடுத்தபோது நான் நீலப் புடவை கட்டிப் போனேன். அம்மனுக்குப் பால், நான் எந்த நிறத்தில் இருந்தால் என்ன என்று. வரிசை முழுக்க மஞ்சள், நடுவில் நான் ஒருத்தி நீலம். வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு நடந்தேனே தவிர, வழி முழுக்க என் நினைப்பு அம்மனிடம் இல்லை, என் புடவையிடம்தான் இருந்தது. மறு வருஷம் ஆடி பிறப்பதற்கு முன்பே நோட்டில் "மஞ்சள் புடவை, எனக்கு" என்று எழுதியிருக்கிறேன். பக்தி இல்லை என்று சொல்லவில்லை. பக்தியும் இருந்தது, பக்கத்தில் பார்த்ததும் இருந்தது. மஞ்சள் கட்டிய வருஷம்தான் நிம்மதியாகக் கும்பிட்டேன். நீ குறுகல் பேன்ட் போட்டால் நிம்மதியாகப் பாடம் கேட்டிருப்பாய் என்பதும் அதே கணக்குதானே. எனக்கு அது ஏன் தோன்றவில்லை?

இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். அப்பாவின் காரியம் முடிந்து முதல்முறையாக ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போனேன். அதுவரை யாரும் என்னிடம் இதைக் கட்டு, இதைக் கட்டாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தை சொல்லவில்லை, ஐயர் சொல்லவில்லை. பிராகாரத்தில் தூண் ஓரமாக நாலைந்து பேர் எப்போதும் உட்காருவார்கள், கமலாம்மாவும் அவர்களோடு உட்காரும் பெண்களும். எல்லாரும் என் மாதிரிதான், வீட்டுக்காரரை இழந்தவர்கள். எனக்கு அன்றைக்கு எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை. கமலாம்மா நகர்ந்து இடம் விட்டார்கள். உட்கார்ந்ததும் அவர்கள் கட்டியிருந்ததைப் பார்த்தேன். சாம்பல், காப்பிப்பொடி, வெளிர் சந்தனம். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். அவ்வளவுதான் நடந்தது. உள்ளே அம்மனுக்கு அன்றைக்கு அரக்குச் சிவப்பு சாத்தியிருந்தார்கள். அதையும்தான் பார்த்தேன். ஆனால் நான் பார்த்துக் கற்றுக்கொண்டது தூணோரத்தைப் பார்த்துத்தான்.

இதுவரை எழுதியது கஷ்டமாக இல்லை. இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம்.

கட்டமாட்டேன் என்று முடிவு செய்த புடவைகளையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன் இல்லையா, அதையும் நோட்டில் எழுதியிருந்தேன். என்னென்ன நிறம், யாருக்கு என்று. மூன்று வருஷம் கழித்து உன் சித்தப்பா மாரடைப்பில் போனார். செல்விக்கு அப்போது முப்பத்துநாலு வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஒரு பெரிய பையில் புடவைகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "அக்கா, நீ எதெல்லாம் குடுத்தே, எதெல்லாம் வெச்சுக்கினே?" என்று கேட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகப் படித்தேன். நான் படிக்கப் படிக்க அவள் பையிலிருந்து எடுத்து ஒரு பக்கமாகப் போட்டாள். கிளிப்பச்சை ஒன்று வந்தது. அவள் அதைக் கட்டிக்கொண்டு தெருவில் வந்தால் தூரத்திலேயே தெரியும், அப்படி ஒரு பச்சை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "இது எந்தக் கணக்குல வரும்கா?" என்றாள். நோட்டில் பச்சை என்று இருந்தது. "குடுத்துடு செல்வி" என்றேன்.

முப்பத்துநாலு வயதுப் பெண். நான் தூணோரத்தைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு நான்தான் அந்தக் கபடி ஆடுகிற பையன். நான் ஒருத்தரைப் பார்த்துச் செய்தேன் என்பது வரைக்கும் உன் கேள்விக்குப் பதில். என்னைப் பார்த்து ஒருத்தி செய்தாள் என்பது நீ கேட்காத கேள்விக்குப் பதில். இந்த நாலு நாளில் இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நேற்று அவள் ஜெராக்ஸ் கடை வேலை முடிந்து வந்ததும் அவள் பங்குப் புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு விரலால் மட்டும் தொட்டாள். "நல்லாக்கீதுக்கா" என்று சொல்லிவிட்டு மூடிவிட்டாள். "கட்டுவியா?" என்றேன். "நீ கட்டினா கட்டறேன். நீ கட்டலன்னா நான் எப்படிக் கட்டறது?" அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். நீ அன்றைக்கு டெய்லரிடம் சொன்னதும் இப்படித்தான் இருந்திருக்கும்.

அதனால் நான் கட்டுவேன், நைனா. ஆனால் ரிசெப்ஷனில் கட்டினால் போதாது என்று நினைக்கிறேன். அங்கே எல்லாரும் அந்த நிறத்தில் இருப்பார்கள், அந்தக் கூட்டத்தில் நானும் ஒளிந்துகொள்ளலாம். திரும்பி வந்து மறுநாள் சாம்பல் நிறத்தைக் கட்டிக்கொண்டால் பிள்ளை கல்யாணம், ஆசைக்குக் கட்டினாள் என்று முடித்துவிடுவார்கள். நாளை வெள்ளிக்கிழமை. புதுப்புடவையை அம்மன் பாதத்தில் வைத்து வாங்கி, மூலையில் மஞ்சள் வைத்துத்தானே கட்டுவோம். இந்தத் தடவை வைத்து வாங்காமல், கட்டிக்கொண்டே கோயிலுக்குப் போகப்போகிறேன். மடிப்புக் கலைந்த புடவையில்தான் அவள் மாமியார் ரிசெப்ஷனில் நிற்பாள் என்று கீர்த்தனாவிடம் இப்போதே சொல்லி வை. கோபித்துக்கொள்ள வேண்டாம். இஸ்திரி போட்டுக்கொள்கிறேன்.

இதற்கு மேல் போய்வந்துதான் எழுத முடியும்.

வெள்ளிக்கிழமை, சாயங்காலம்.

போய்வந்துவிட்டேன். ரவிக்கை இன்னும் தைக்கவில்லை, பீரோவில் பழைய வெள்ளை ஒன்று இருந்தது, அதைப் போட்டுக்கொண்டேன். தெருவில் மூன்று பேர் பார்த்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்ததும் கேட்டை மூடிக்கொண்டு உள்ளே போனாள். வேலை இருந்திருக்கலாம். நான் குனிந்து நடந்தேனா என்றால், முனை திரும்புகிற வரைக்கும் குனிந்துதான் நடந்தேன். அப்புறம் உன் அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. முந்தானையை எடுத்து விரித்துவிட்டுக்கொண்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் செய்தேன்.

அம்மனைக் கும்பிட்டேன். எதுவும் ஆகவில்லை. இன்றைக்கு அவளுக்குக் கிளிப்பச்சை சாத்தியிருந்தார்கள். வெளியே வந்து தூணோரம் என் இடத்தில் உட்கார்ந்தேன். கமலாம்மா நகர்ந்து இடம் விட்டார்கள், எப்போதும் போல. பிறகு, "இன்னா விசேஷம்?" என்றார்கள். "பையனுக்குக் கல்யாணம்மா. மருமக எடுத்துக் குடுத்தது." "ம்." அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர்கள் கையை நீட்டி என் முந்தானையை இழுத்து, நம் ஊரில் எல்லாரும் செய்வது போல, திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்கள். விரலால் தேய்த்தார்கள். "ஜரிகை நல்லா இருக்குது" என்று சொல்லி விட்டுவிட்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தேன். எல்லாருக்கும் பிடிக்கும் என்று நான் போகவில்லை. பிடிக்காமலும் போகட்டும்.

வீட்டுக்கு வந்தால் செல்வி வாசலில் நின்றுகொண்டிருக்கிறாள். என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, கையில் ரவிக்கைத் துணியோடு வந்தாள். "டெய்லர் கடையை மூடறதுக்குள்ள போலாம்கா. உன்னுதையும் எடுத்துக்கோ" என்றாள். இரண்டு பேரும் போனோம். அதே டெய்லர்தான், இப்போது மூக்கில் கண்ணாடி. எனக்கு முதலில் அளவெடுத்தார். கை முழங்கைக்குச் சற்று மேலே இருக்கட்டும் என்றேன். எழுதிக்கொண்டார். அடுத்து செல்வி நின்றாள். "உங்களுக்கும் அக்கா மாதிரியே வெச்சுடட்டாமா?" என்று கேட்டார்.

"அக்கா மாதிரியேதான்" என்றாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் பக்கமாகக் குனிந்து, எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சொன்னாள்.

"அக்காவுதவிட அரை இஞ்ச் கம்மியா வெச்சுடுங்கண்ணே."

இப்படிக்கு,
உன் அம்மா